ஜாடிக்கு ஒரு நாவல்

அஸ்தினாபுரத்தில் ஹில்டா சிஸ்டர் வீட்டு ஒயினைக் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று பொதுவாகச் சொல்லித் தப்பித்துவிட முடியாது. எந்த நாவலின் ஒயின் நன்றாக இருக்கிறது என்று சொல்லியாக வேண்டும். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மத்தியானம் அவர் வீட்டுக் கூடத்து மேஜையில் பாட்டில்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு பாட்டிலுக்கும் அடியில் ஒரு மாயாஜால நாவல் இருக்கும். பாட்டிலின் ஈர வட்டம் அட்டையில் உள்ள மந்திரவாதியின் மூஞ்சியில் பதிந்திருக்கும். வந்தவர்கள் முதலில் ருசி பார்ப்பார்கள். பிறகு பிடித்த பாட்டிலுக்கு அடியில் இருக்கும் புத்தகத்தைப் படிக்க எடுத்துப் போவார்கள். அந்தத் தெருவுக்குப் பத்திரிகையில் வரும் மதிப்புரை எதுவும் தேவைப்படவில்லை.

சிஸ்டர் என்றதும் கன்னியாஸ்திரீ என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டவர்களிடம், "டூட்டியிலயே டைம் போயிடுச்சு" என்பார். மாயாஜால நாவல் படிக்க மட்டும் டூட்டி ஒருநாளும் குறுக்கே நின்றதில்லை. ஸ்டேஷன் புத்தகக் கடையில் கிளிப் போட்டுத் தொங்கும் மாத நாவல்களில் பறக்கும் பாயோ பேசும் மண்டையோடோ அட்டையில் தெரிந்தால் போதும், வாங்கிவிடுவார். குடும்ப நாவல் பக்கம் தலை வைத்தும் படுக்க மாட்டார். மாமியார் மருமகள் சண்டையெல்லாம் வார்டிலேயே பார்த்தாயிற்று என்பது அவர் கட்சி.

ஒயினுக்கும் நாவலுக்கும் அவர் முடிச்சுப் போட்ட விதம் இதுதான். நவம்பர் ஆரம்பத்தில் கல்லறைத் திருநாள் முடிந்த கையோடு பன்னீர் திராட்சை வாங்கிக் கழுவி, துடைத்து, நசுக்கி, சர்க்கரையும் ஈஸ்ட்டும் ஒரு பிடி கோதுமையும் கொஞ்சம் பட்டை கிராம்பும் சேர்த்துப் பீங்கான் ஜாடிகளில் நிரப்பி, வாயைத் துணியால் கட்டி வைப்பார். தினமும் துணியை அவிழ்த்து மரக்கரண்டியால் ஒரு தடவை கலக்கிவிட வேண்டும். விட்டுவிட்டால் மேலே மிதக்கிற தோலில் பூஞ்சணம் பிடித்துவிடும். மூன்று வாரம் போலக் கலக்கி, நுரைத்துப் பொங்குவது அடங்கிய பிறகுதான் ஜாடியை இறுக்கி மூடலாம். கிறிஸ்துமஸ் ஒயின் போடுகிற எல்லா வீட்டிலும் இந்த முறைதான். ஹில்டா சிஸ்டர் வீட்டில் மட்டும் ஒவ்வொரு ஜாடிக்கும் ஒரு நாவல் உண்டு. ஸ்டோர் ரூமில் முக்காலி போட்டு உட்கார்ந்து ஓர் அத்தியாயம் படிப்பார், அந்த ஜாடியைக் கலக்குவார், துணியைக் கட்டுவார். மறுநாள் அடுத்த அத்தியாயம். கதை முடிகிற அன்று ஜாடிக்கும் மூடி போட்டு, மெழுகு ஊற்றி, கயிறு சுற்றிக் கட்டிவிடுவார். அதன் பிறகு கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம்தான் திறந்து வடிகட்டுவது.

இதனால் என்ன ஆகும் என்று யாரும் யூகித்துவிடலாம். நாவல் நன்றாக இருந்தால், சிஸ்டர் டூட்டி முடிந்து வந்து செருப்பைக் கழற்றிய வேகத்தில் ஸ்டோர் ரூமுக்குள் நுழைவார். ஜாடி ஒரு நாள் தவறாமல் கலக்கப்படும், ஒயினும் தெளிந்து இனிக்கும். நாவல் சவசவ என்று போனால், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும், ஜாடியும் கிடந்து புளிக்கும். படிக்காமல் சும்மா கலக்கிவிட்டால் என்ன என்று யாராவது கேட்டால் அவருக்குக் கோபம் வந்துவிடும்.

"அப்புறம் அது அந்தப் புத்தகத்தோட ஒயின் எப்படி ஆகும்? மருந்தே குடுக்காம, குடுத்தேன்னு சார்ட்ல டிக் அடிக்கச் சொல்றீங்களா?"

இதற்கு மேல் ஒரு நர்ஸிடம் வாதாட முடியாது. கேட்டவர்கள் வாயை மூடிக்கொண்டு கேக்கைச் சாப்பிடுவார்கள்.

அந்த மேஜைக்குப் பயப்படுகிற ஆள் ஒருவர் இருந்தார். பின்தெருக் கேசவன். குரோம்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு எழுதுபவர். ஞாயிற்றுக்கிழமைகளில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து 'இந்திரஜாலன்' என்ற பெயரில் மாயாஜால நாவல் எழுதுபவரும் அவரேதான். இந்த இரண்டாவது விஷயம் மனைவி ஜெயக்கொடியையும் திருவல்லிக்கேணியில் இருந்த பதிப்பாளரையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. தெரிந்தால் கம்பெனியில் மானம் போய்விடும் என்று கேசவன் பயந்தார். ஜெயக்கொடியின் பயம் வேறு. உன் வீட்டுக்காரர் எந்த ராஜகுமாரியை மனசில் வைத்துக்கொண்டு எழுதுகிறார் என்று குழாயடியில் அவளைத்தானே கேட்பார்கள்.

எண்பத்தாறாம் வருஷம் ஜெயக்கொடிக்கு மஞ்சள் காமாலை வந்தபோது ஹில்டா சிஸ்டர் வீட்டுக்கே வந்து ஊசி போட்டார். அந்தப் பழக்கத்தில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அழைப்பு வந்தது. கேசவன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். மேஜையின் கடைசிப் பாட்டிலுக்கு அடியில் தன்னுடைய முதல் நாவலான 'உப்புக்கோட்டை மந்திரவாதி' இருப்பதைப் பார்த்ததும் அவருக்குக் காது சூடாகிவிட்டது. சந்தோஷம்தான். அச்சான தன் புத்தகத்தை இன்னொருவர் வீட்டில் அவர் பார்ப்பது அதுவே முதல் தடவை.

அந்தப் பாட்டிலை முதலில் எடுத்தவர் பக்கத்து வீட்டுச் சவுரிமுத்து. தாம்பரம் ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை மேஜையில் வைத்தார்.

"இன்னா சிஸ்டர் இது? புளியைக் கரைச்சி வச்ச கணக்கா கீது!"

"நான் என்னண்ணா பண்ண?" என்றார் ஹில்டா. "அந்த மந்திரவாதி கதை பூரா உப்பு மூட்டைக் கணக்கே பாத்துக்கிட்டு இருக்கான். எடுத்தாத் தூக்கம் வருது. நாலு நாள் விட்டு ஒரு நாள் படிச்சேன். பூஞ்சணத்தை வழிச்சுப் போட்டுத்தான் வடிகட்டினேன்."

கூடமே சிரித்தது. ஜெயக்கொடி எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தாள். கேசவன் மட்டும் அந்தப் புளிப்பை ஒரு டம்ளர் முழுக்கக் குடித்துத் தீர்த்தார். பெற்ற பிள்ளையைச் சபையில் விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

மறு வருஷம் 'ஒற்றைச் சிறகு ராணி'. இதில் உப்பு மூட்டை கிடையாது. ராணிக்கு ஒரு நந்தவனம் வைத்து, லைப்ரரியில் உட்கார்ந்து குறிப்பெடுத்து, அதில் இல்லாத பூவே இல்லை என்னும்படி எழுதியிருந்தார். தன் எழுத்திலேயே அழகான இடம் அதுதான் என்று கேசவனுக்கு ரகசியமாக ஒரு பெருமை இருந்தது. சவுரிமுத்து இந்த முறை மோந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். ஒரு வாய் குடித்ததும் முகம் மலர்ந்தது. விழுங்கியதும் சுருங்கியது.

"மொதல்ல ஜோராத்தான் கீது. அப்பால தொண்டையில புடிச்சிக்கினு எரியுது சிஸ்டர்."

"கரெக்டா சொன்னீங்கண்ணா. ஆரம்பம் அவ்வளவு நல்லா போகுது. நடுவுல ஒரு தோட்டம் வருது பாருங்க, பூவா எழுதித் தள்றான் அந்த ஆளு. உள்ள மாட்டிக்கிட்டு ஒரு வாரம் என்னால வெளியே வர முடியல. ஜாடியை மறந்தே போயிட்டேன்."

வீட்டுக்குத் திரும்பும்போது கேசவன் ஜெயக்கொடிக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வாசகர்கள் பாராட்டிக் கார்டு போட்டிருந்தார்கள். பதிப்பாளர் அடுத்ததற்கு நச்சரித்துக்கொண்டிருந்தார். அதெல்லாம் இருந்தும் ஒரு பாட்டில் புளித்ததற்கு மனசு இப்படிக் கிடந்து அடித்துக்கொள்கிறதே என்று அவருக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் கார்டு போட்டவர்கள் பொய் சொல்லியிருக்கலாம். ஜாடிக்குப் பொய் சொல்லத் தெரியாது.

"இன்னும் ஒரே ஒரு நாவல்," என்றார் தெருமுனையில் நின்று. "அதுவும் அந்தம்மா வீட்ல புளிச்சுதுன்னா நான் எழுதறதையே விட்டுடறேன்."

"விடுங்களேன்," என்றாள் ஜெயக்கொடி. "மாடியில வடாம் காயப்போட இடம் கிடைக்கும்."

அவள் கிண்டலாகச் சொன்னாள். கேசவன் கிண்டலாகச் சொல்லவில்லை.

எண்பத்தெட்டாம் வருஷம் முழுக்க அந்த ஒரே நாவல்தான். கணக்கெழுதுகிற புத்தி சும்மா இருக்குமா? ஒரு ஜாடியை எத்தனை நாள் கலக்க வேண்டுமோ அத்தனை அத்தியாயம் என்று முதலில் முடிவு செய்தார். முக்காலியில் உட்கார்ந்தால் இடுப்பு வலிப்பதற்குள் ஓர் அத்தியாயம் முடிந்துவிட வேண்டும். முடிகிற இடத்தில், நாளைக்கு எப்போது விடியும் என்று சிஸ்டருக்கு இருப்புக் கொள்ளக் கூடாது. மாளிகை வேண்டாம், ராஜகுமாரி வேண்டாம், தோட்டம் அறவே கூடாது. இருக்க இடமில்லாத ஒரு பூதம் தன்னையே வாடகைக்கு விட்டுக்கொள்கிறது. அத்தியாயத்துக்கு ஒரு வீடு. ஒவ்வொரு வீட்டை விட்டுப் போகும்போதும் வாசற்படியில் நின்று அந்த வீட்டாரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கிறது. அவர்கள் சொல்கிற பதில் அடுத்த வீட்டில்தான் தெரியவரும்.

'வாடகைப் பூதம்' என்று பெயர் வைத்தார். எழுதும்போது ஏதாவது ஒரு வரி அழகாக வந்துவிட்டால் பேனாவை நிறுத்தி ஸ்டோர் ரூமை நினைத்துக்கொள்வார். இந்த இடத்தில் சிஸ்டர் கொட்டாவி விடுவாரா? விடுவார் என்று தோன்றினால் அடித்துவிடுவார். அடித்து அடித்துக் கடைசியில் மிஞ்சியது மெல்லிய புத்தகம்தான். இரண்டு வருஷமாக அவரை நச்சரித்த பதிப்பாளர் கையெழுத்துப் பிரதியை எடை பார்ப்பதுபோலத் தூக்கிப் பார்த்துவிட்டு, எழுத்தைப் பெரிதாகப் போட்டுச் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்றார்.

புத்தகம் அக்டோபர் கடைசியில் வந்தது. தாம்பரம் ஸ்டேஷன் கடையில் தன் புத்தகத்தைத் தானே காசு கொடுத்து வாங்கிக்கொண்டு கேசவன் நேராக ஹில்டா சிஸ்டர் வீட்டுக்குப் போனார்.

"ஸ்டேஷன்ல பார்த்தேன் சிஸ்டர். உங்களுக்குப் பிடிக்குமேன்னு வாங்கினேன்."

சிஸ்டர் அட்டையைப் பார்த்தார். "ஐயையோ, மறுபடியும் அந்த நந்தவனக்காரனா!"

"இதுல தோட்டம் இல்ல சிஸ்டர்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கடைக்காரர் சொன்னார்," என்று சமாளித்தார் கேசவன்.

சிஸ்டர் புத்தகத்தைப் புரட்டி முதல் வரியை மட்டும் படித்தார். "சரி சார். நீங்க ஆசையா வாங்கிட்டு வந்திருக்கீங்க. எங்கம்மாவோட பெரிய ஜாடிக்கு இதை வச்சுப் பாக்கறேன்."

அந்த ஜாடி கூடத்து மூலையில் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அவர் அம்மா கல்யாணமாகி வரும்போது கொண்டுவந்ததாம். இடுப்பு உயரம் இருந்தது. இவ்வளவு பெரிய ஜாடி புளித்துப் போனால் தெருவே சிரிக்குமே என்று கேசவன் அதன் உயரத்தைக் கண்ணால் அளந்தார்.

அந்த வருஷம் தீபாவளி நவம்பரில் வந்தது. தீபாவளியன்று மத்தியானம் பலகாரம் தின்ற மயக்கத்தில் கேசவன் கண்ணயர்ந்திருந்தபோது, முன்தெருப் பக்கம் டமார் என்று ஒரு சத்தம் கேட்டு ஜன்னல் கதவு ஆடியது. "எந்தப் பேமானிடா பட்டப்பகல்ல அணுகுண்டு வைக்கிறவன்?" என்று திட்டிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு கம்பெனியிலிருந்து வரும்போதெல்லாம் சுற்றுவழியாக ஹில்டா சிஸ்டர் வீட்டைத் தாண்டித்தான் வந்தார். ஸ்டோர் ரூம் ஜன்னலில் விளக்கு எரியும். எந்த ஜாடிக்கு எரிகிறது என்று எப்படித் தெரியும்? ஒருநாள் காய்கறிக்கடையில் சிஸ்டரே எதிரில் வந்தார்.

"அந்தப் புத்தகம் படிச்சீங்களா சிஸ்டர்?"

சிஸ்டர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "ம், படிச்சேன்," என்று சொல்லிவிட்டு, வாங்க வந்த கத்தரிக்காயைக்கூட வாங்காமல் போய்விட்டார். அன்று ராத்திரி கேசவனுக்குச் சோறு இறங்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கால் வரமாட்டேன் என்றது. ஜெயக்கொடிதான் இழுத்துக்கொண்டு போனாள். மேஜையில் வழக்கம்போல வரிசையாகப் பாட்டில்கள். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனவர் கடைசியில் நின்றுவிட்டார். கடைசியில் 'வாடகைப் பூதம்' இருந்தது. அதன் மேல் பாட்டில் இல்லை. ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

"இன்னா சிஸ்டர், இதுக்கு ஒண்ணுமே இல்லியா?" என்றார் சவுரிமுத்து. "வடிகட்டக்கூடத் தேறலியா? அவ்ளோ பேஜாரா?"

"அது கிடக்கட்டும்ணா. நீங்க இதைக் குடிச்சுப் பாருங்க," என்று சிஸ்டர் வேறு பாட்டிலைத் திறந்தார்.

புளித்துப் போயிருந்தால்கூடக் கேசவன் தாங்கிக்கொண்டிருப்பார். புளிக்கிற அளவுக்குக்கூட லாயக்கில்லாமல் போய்விட்டதே என்பதைத்தான் தாங்க முடியவில்லை. ஒரு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் கொட்டி எழுதியது. கையிலிருந்த கேக் துண்டு பிசுபிசுத்தது. யாராவது பார்த்துவிடப் போகிறார்கள் என்று ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். சரி, வடாம் காயட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். ஜெயக்கொடி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு இந்த முறை சிரிக்கவில்லை. ஒயின் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

எல்லாரும் கிளம்புகிற நேரத்தில் சிஸ்டர் கேசவனைக் கூப்பிட்டார். "சார், நீங்கதானே அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து குடுத்தீங்க? உங்ககிட்ட ஒண்ணு காட்டணும். உள்ள வாங்க."

ஸ்டோர் ரூமில் சின்னச் சின்ன ஜாடிகள் கழுவிக் காய்ந்துகொண்டிருந்தன. பெரிய ஜாடியைக் காணோம். அது இருந்திருக்க வேண்டிய இடத்தில் அதன் அடிப்பாகம் மட்டும் உடைந்து நின்றது. சிஸ்டர் மேலே கை காட்டினார். கேசவன் நிமிர்ந்து பார்த்தார். வெள்ளையடித்த கூரை முழுக்கக் கருஞ்சிவப்பாகக் கறை. சுவரில் வழிந்து இறங்கிய தாரைகள். காய்ந்த திராட்சைத் தோல்கூட ஒன்றிரண்டு இன்னும் கூரையில் ஒட்டிக்கொண்டிருந்தன.

"கல்லறைத் திருநாள் ராத்திரியே ஜாடியை நிரப்பிட்டேன். மறுநாள் எனக்கு லீவு," என்றார் சிஸ்டர். "காலையில உக்காந்து ஒரு அத்தியாயம் படிச்சேன், கலக்கினேன், துணியும் கட்டிட்டேன். எழுந்திருக்கப் பாத்தா முடியல. அந்தப் பூதம் கேட்டுட்டுப் போச்சே, அதுக்கு அந்த வீட்டுப் பொம்பளை என்ன சொல்லியிருப்பான்னு மனசு கிடந்து துடிக்குது. சரி, இன்னொண்ணுன்னு படிச்சேன், கலக்கினேன். அப்புறம் இன்னொண்ணு. பாதிக்கு மேல கையில கரண்டி இருக்கறதே மறந்துடுச்சு. சோறு வடிக்கல, தலை பின்னல. கடைசிப் பக்கத்தை மூடிட்டுப் பாக்கறேன், வெளியே விளக்கு வச்சாச்சு. கதை தீந்துபோச்சு. தீந்தா ஜாடியை மூடணுமே."

"அன்னிக்கேவா சிஸ்டர்?" என்று கேட்டார் கேசவன். "பொங்கிக்கிட்டு இருக்கறதை மூடினா..."

"என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா சார்? எத்தனை வருஷமா ஒயின் போடறேன்! ஆனா மத்த புத்தகத்துக்கெல்லாம் ஒரு சட்டம், இதுக்கு மட்டும் வேற சட்டமா? மூடினேன், மெழுகு ஊத்தினேன், கட்டினேன். தீபாவளியன்னிக்குக் கொல்லையில துணி உலர்த்திக்கிட்டு இருக்கேன், உள்ள வெடிச்சுது பாருங்க. தெருவே வெடின்னு நினைச்சுக்கிச்சு. அம்மா ஜாடி. ரெண்டு நாள் அழுதேன். இதைப் போய் எல்லார் முன்னாடியும் சொன்னா சவுரிமுத்து அண்ணன் வருஷம் பூராச் சிரிப்பாரு. காய்கறிக்கடையில நீங்க கேட்டப்ப அழுதுடுவேனோன்னு பயந்துதான் ஓடிட்டேன்."

சிஸ்டர் மறுபடியும் கூரையைக் காட்டினார். "அந்தப் புத்தகத்தை யாருக்கும் குடுக்கறதா இல்ல. வெள்ளையடிக்கவும் ஆளைக் கூப்பிடல."

கேசவன் இன்னும் அண்ணாந்து நின்றுகொண்டிருந்தார். கழுத்து வலித்தது. அந்தக் கறையை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. இவ்வளவு சந்தோஷத்தை என்ன செய்வது, எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கம்பெனியில் சம்பளம் ஏறியபோதுகூட இப்படி இருந்ததில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தார். அவருக்கு வந்தது ஒன்றுதான்.

"பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில பெரிய ஜாடி கிடைக்கும் சிஸ்டர். நான் வாங்கித் தரேன்."

"நீங்க எதுக்கு சார் வாங்கித் தரணும்? நீங்க என்ன பண்ணீங்க?"

கேசவன் கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கைக்குட்டையைத் தேடினார். எந்தப் பாக்கெட்டில் வைத்தோம் என்று தெரியவில்லை. பின்னாலேயே வந்து ஸ்டோர் ரூம் வாசற்படியில் நின்ற ஜெயக்கொடி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். நோயாளியின் முகத்தைப் பார்த்தே காய்ச்சலைச் சொல்லிவிடுகிறவர் ஹில்டா சிஸ்டர். இவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடியும் இவரைப் பார்த்தார்.

"அடுத்ததுல தோட்டம் ஒண்ணு வையுங்க சார்," என்றார். "சின்னதா போதும். மனுஷி எழுந்துபோய்ச் சோறு வடிக்க வேணாமா?"